ஒயின் ஃப்ரிட்ஜ்: டிஸ்ப்ளேயில் 6, உள்ளே 9. சென்சாரா, போர்டா?

சாட்ஸ்வொர்த்வாசி:

வணக்கம். டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். வீட்டில் இருப்பது மேல், கீழ் என ரெண்டு ஸோன் உள்ள ஒயின் ஃப்ரிட்ஜ். கம்ப்ரஸர் மாடல், பின்னால் ஸ்டிக்கரில் குளிர்விக்கும் வாயு ஆர்600ஏ என்று போட்டிருக்கிறது. மேலே கேப் கிளாசிக்கும் ஷெனின் பிளாங்கும், கீழே பினோட்டாஜ் வகையறா.

ரெண்டு பிரச்சினை. ஒன்றுக்கொன்று சம்பந்தம் உண்டா என்று தெரியவில்லை.

மேல் ஸோன்: முன்பு ஈ1 என்ற எரர் காட்டி பீப் அடித்துக்கொண்டிருந்தது. வந்த மெக்கானிக், சென்சார் போய்விட்டது என்று சொல்லி, 10 கே (10 கிலோ ஓம்) சென்சார் ஒன்றை வெட்டி ஒட்டிவிட்டுப் போனார். ஈ1 நின்றுவிட்டது. ஆனால் அதிலிருந்து டிஸ்ப்ளே 6 என்றால் உள்ளே 9. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து, அதில் தெர்மாமீட்டரைப் போட்டு, ராத்திரி முழுக்க விட்டுப் பார்த்த கணக்கு. 12-ல் செட் பண்ணினால் வித்தியாசம் 2 டிகிரிக்குக் கிட்ட வந்துவிடுகிறது.

கீழ் ஸோன்: கம்பெனி சென்சார், யாரும் கை வைக்கவில்லை. 13-ல் செட் பண்ணியிருக்கிறேன். டிஸ்ப்ளே 14-க்கும் 17-க்கும் நடுவே ஆடுகிறது, கம்ப்ரஸர் நிற்பதே இல்லை. டம்ளர் தெர்மாமீட்டரோ 9 காட்டுகிறது. மழை நாளில் ஆட்டம் அதிகம், எப்போதாவது ஈ2-வும் வருகிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரெண்டு சென்சாரையும் கழற்றி, அறை வெப்பத்தில் ஆறவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தேன். அறை 26 டிகிரி. மேல் சென்சார் 9.6 கிலோ ஓம், ஆடாமல் நிற்கிறது. கீழ் சென்சார் 8.5, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. 10 கே சென்சாருக்கு 26-ல் 9.6 சரிதான் என்று பார்த்தேன். அப்படியானால் மேல் ஸோன் ஏன் தப்பு காட்டுகிறது? லோட் ஷெடிங் முடிந்து கரண்ட் வரும்போது கன்ட்ரோல் போர்டு அடிபட்டிருக்கும் என்கிறார்கள். போர்டு விலையைக் கேட்டால் புது ஃப்ரிட்ஜே வாங்கிவிடலாம் போலிருக்கிறது.

---

ஓம்விதி:

போர்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நீங்கள் கொடுத்த எண்களிலேயே பாதி விடை இருக்கிறது.

இந்த ஃப்ரிட்ஜ்களில் இருப்பது என்டிசி சென்சார். குளிரக் குளிர ஓம் ஏறும், சூடாக ஆக இறங்கும். அதனால் டிஸ்ப்ளே எந்தப் பக்கம் தப்புகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். உண்மையைவிடக் குளிராகக் காட்டினால் போர்டுக்குப் போகிற ஓம் கூடிவிட்டது. சூடாகக் காட்டினால் ஓம் குறைந்துவிட்டது. உங்கள் மேல் ஸோன் முதல் வகை, கீழ் ஸோன் ரெண்டாவது வகை. ஒரே ஃப்ரிட்ஜில் இருந்தாலும் ரெண்டும் வேறு வேறு கோளாறு.

ஓம் கூடுவதற்குக் காரணம்: கனெக்டர் முள்ளில் பச்சைக் களிம்பு, பாதி அறுந்த வயர், சரியாக ஒட்டாத ஜாயின்ட், இல்லையென்றால் சென்சாரே வேறு வகை. ஓம் குறைவதற்குக் காரணம் அநேகமாக ஒன்றுதான், ஈரம். சென்சார் மணிக்குள், அதாவது நுனியில் உள்ள குமிழுக்குள், தண்ணீர் புகுந்தால் ரெண்டு காலுக்கும் நடுவே கள்ளப்பாதை ஒன்று உண்டாகி, சென்சாருக்கு இணையாக இன்னொரு ரெசிஸ்டர் போட்ட மாதிரி ஆகிவிடும்.

முதலில் மேல் ஸோன். 26 டிகிரியில் 9.6 சரியாக இருப்பதுதான் உங்களைக் குழப்புகிறது. "10 கே" என்பது 25 டிகிரியில் உள்ள மதிப்பு மட்டும். அங்கிருந்து குளிரும்போது ஓம் எவ்வளவு வேகமாக ஏறும் என்பதைச் சொல்வது பீட்டா மதிப்பு. கடையில் 10 கே என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது பீட்டா 3950. குளிர்சாதனப் போர்டுகள் பலவற்றுக்கு வேண்டியது 3435. தோராயக் கணக்கு இது, கிலோ ஓமில்:

0 டிகிரி: 3435 என்றால் 27.3, 3950 என்றால் 32.7
5 டிகிரி: 22, 25.4
10 டிகிரி: 18, 19.9
15 டிகிரி: 14.7, 15.7
25 டிகிரி: ரெண்டும் 10

அறை வெப்பத்தில் ரெண்டுக்கும் துளி வித்தியாசம் கிடையாது. குளிரக் குளிரத்தான் விலகும். 3435 எதிர்பார்க்கிற போர்டில் 3950 போட்டால், உள்ளே 9 டிகிரி இருக்கும்போது சென்சார் 21 கிலோ ஓம் தரும். போர்டு அதை 6 என்று படிக்கும். நீங்கள் சொன்ன 6-க்கு 9 அப்படியே வருகிறது. 12-ல் வைத்தால் வித்தியாசம் குறைவதும் இதனால்தான். களிம்போ ஜாயின்ட்டோ காரணமாக இருந்தால் இவ்வளவு ஒழுங்காக விலகாது, எண் துள்ளிக்கொண்டே இருக்கும்.

ஆனாலும் ஊகத்தில் சென்சார் வாங்க வேண்டாம். போர்டு எந்த பீட்டா கணக்கில் படிக்கிறது என்பதை ரெண்டு ரெசிஸ்டர் வாங்கி உறுதி செய்துவிடலாம். 22 கிலோ ஓம் ஒன்று, 10 கிலோ ஓம் ஒன்று, ரெண்டும் 1 சதவீதம் டாலரன்ஸ் (பிழை வரம்பு). பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெக்கானிக் ஒட்டிய ஜாயின்ட்டைப் பிரித்து, சென்சாருக்குப் பதில் 22 கிலோ ஓமை மாட்டி, ஸ்லீவ் போட்டு மூடி, பிறகு கரண்ட் கொடுங்கள். டிஸ்ப்ளே மெதுவாகத்தான் நகரும், சில நிமிஷம் பொறுங்கள். 5 காட்டினால் போர்டு 3435. 8 காட்டினால் 3950. அடுத்து 10 கிலோ ஓம்: 25 காட்ட வேண்டும். ரெண்டிலும் எண் ஆடாமல் நின்றால் போர்டின் அந்த வழி நன்றாக இருக்கிறது. 10 கிலோ ஓமை மாட்டியபடி விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள், உள்ளே 25 டிகிரி என்று நினைத்து கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும்.

சில மாடலில் டிஸ்ப்ளே சும்மா இருக்கும்போது செட் பண்ணிய எண்ணைத்தான் காட்டும், உண்மை வெப்பத்தைக் காட்டாது. அதை மேனுவலில் பார்த்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

கரண்ட் இருக்கும்போது போர்டில் மீட்டர் வைக்க வேண்டாம். பல போர்டுகளில் 5 வோல்ட் பக்கம் மெயின்ஸிலிருந்து தனிமைப்படுத்தப்படாமல் இருக்கும். சென்சார் முள்ளில் 230 வோல்ட் ஷாக் அடிக்கலாம்.

---

லெனேசியா_லைன்மேன்:

கரண்ட் திரும்பும்போது வரும் சர்ஜில் சென்சார் போவதும் உண்டே? 2023-ல் லோட் ஷெடிங் கடுமையாகி ஸ்டேஜ் 6 ஓடிய காலத்தில் இங்கே ஜோபர்க்கில் (ஜோஹன்னஸ்பர்க்கில்) எத்தனை ஃப்ரிட்ஜ் போனது என்று கணக்கே இல்லை. சென்சாரையும் போர்டையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது என்பது என் கட்சி.

இன்னொன்று, சென்சாரைக் கொதிநீரில் போட்டுச் சோதிப்பவர்கள் கவனிக்கவும். ஜோபர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல். இங்கே தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். 100 என்று வைத்துக் கணக்குப் போட்டால் நல்ல சென்சாரும் கெட்டதாகத் தெரியும்.

---

ஓம்விதி:

கொதிநீர் விஷயம் சரி. அதுவும் போக, ஃப்ரிட்ஜ் சென்சாரின் பிளாஸ்டிக் உறை அந்தச் சூட்டுக்கு ஆனதல்ல. ஐஸ் தண்ணீர் போதும், அது டர்பனிலும் ஜோபர்க்கிலும் 0 டிகிரிதான்.

சர்ஜ் பற்றி ஒத்துக்கொள்ள மாட்டேன். சென்சார் என்பது சும்மா ஒரு ரெசிஸ்டர். அதன் வழியே ஓடுவது மில்லி ஆம்பியரிலும் சின்னப் பகுதி. சர்ஜில் அடிபடுவது போர்டின் முன்வாசல்: ஃப்யூஸ், வேரிஸ்டர், பவர் சப்ளை ஐசி, உப்பிப்போகும் கெப்பாசிட்டர், கம்ப்ரஸர் ரிலே. அவை போனால் டிஸ்ப்ளே செத்துப்போகும், அல்லது எல்லா ஸோனும் சேர்ந்து பைத்தியம் பிடித்த மாதிரி காட்டும். ஒரு ஸோன் மட்டும் மூன்று டிகிரி ஒழுங்காகத் தப்புவது சர்ஜின் வேலையில்லை. சேர்த்து மாற்றினால் கோளாறு போய்விடும்தான். எது கோளாறு என்று தெரியாமலே காசும் போய்விடும்.

ஐஸ் சோதனையை ஒழுங்காகச் செய்ய: ஐஸைத் துணியில் சுற்றி நன்றாக நொறுக்குங்கள். ஃப்ளாஸ்க்கில் முக்கால் வாசி நிரப்பி, இடுக்கு நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். தண்ணீர் இல்லாத வெறும் ஐஸ் ஃப்ரீஸரிலிருந்து எடுத்த உடனே 0-க்கும் கீழே இருக்கும். தண்ணீர் அதிகமாகி ஐஸ் மேலே மிதந்தால் அடியில் 2, 3 டிகிரிக்குப் போய்விடும். ரெண்டுமே கணக்கைக் கெடுக்கும். சென்சாரை மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றைப் பிழிந்துவிட்டு, ஐஸின் நடுவில் இறக்குங்கள். அஞ்சு நிமிஷம் கழித்து அளவு எடுங்கள்.

மீட்டர் முனையை விரலால் பிடித்து அழுத்தாதீர்கள், முதலைக் கிளிப் போடுங்கள். 30 கிலோ ஓம் பக்கத்தில் அளக்கும்போது வியர்த்த விரலும் இணையாகச் சேர்ந்துகொண்டு ஒரு டிகிரி அளவுக்குப் பொய் சொல்லும்.

கீழ் சென்சாருக்கு இதில் கூடுதலாக ஒரு படி. பையோடு அளந்த பிறகு, பையை எடுத்துவிட்டு நேராக ஐஸ் தண்ணீரில் முக்குங்கள். நல்ல சென்சாருக்கு எண் மாறாது. சீல் விட்டுப்போன சென்சாருக்கு ஓம் இறங்கிக்கொண்டே போகும்.

---

ஃபீனிக்ஸ்_கூலிங்:

கீழ் சென்சார் ஈரம் குடித்துவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 26-ல் 9.6 இருக்க வேண்டியது 8.5 என்றால் இணையாக 75 கிலோ ஓம் அளவுக்கு ஒரு கசிவுப் பாதை இருக்கிறது. அறை வெப்பத்தில் அது மூன்று டிகிரி தப்புதான். அதே கசிவு 9 டிகிரியில் அஞ்சுக்கு மேல் தப்பு கொடுக்கும், ஏனென்றால் குளிரில் சென்சாரின் ஓம் ஏறிவிடுகிறது, கசிவு ஏறுவதில்லை. உள்ளே குளிர்ந்தாலும் டிஸ்ப்ளே இறங்க மறுக்கிறது, கம்ப்ரஸர் விடாமல் ஓடுகிறது. இதை இப்படியே விட்டால் பின் சுவரை ஒட்டிய பாட்டில்களுக்குத்தான் ஆபத்து. 12 சதவீத ஒயின் மைனஸ் 5 வாக்கில் உறையும். உறையத் தொடங்கினால் கார்க் மேலே தள்ளிக்கொண்டு வந்தாலும் வரும்.

இந்த ஊரில் இது ஏன் இவ்வளவு சகஜம் என்றால், தைப்பூசக் காவடி எடுக்கும் மாதங்களில் டர்பன் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் காற்று உள்ளே போய் சென்சார் மேல் பனித்துளியாகப் படிகிறது. கரண்ட் போய்விட்டால் உள்ளே வெப்பம் ஏறி, திரும்பக் குளிர்ந்து, அந்தச் சுருங்கலில் மணிக்கும் வயருக்கும் நடுவே உள்ள இடுக்கு ஈரத்தை உறிஞ்சும். லோட் ஷெடிங்குக்கும் சென்சாருக்கும் சம்பந்தம் இருந்தால் இந்த வழியில்தான். கதவு ரப்பரை ஒரு தடவை பாருங்கள்: ரேண்ட் நோட்டு ஏதாவது ஒன்றை நடுவில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால் கொஞ்சம் பிடித்து இழுக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால், ரப்பரை வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து நேராக்குங்கள். இல்லையென்றால் புது சென்சாரும் இதே கதிதான்.

வாங்கும்போது உறையைப் பாருங்கள். வயரோடு சேர்த்து ஒரே துண்டாக ரப்பர் பிளாஸ்டிக் வார்த்த மணி சிறந்தது. பளபளவென்று ஸ்டீல் குழாயில் வருவது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் மலிவு ரகத்தில் வாய்ப் பக்கம் வெறும் எபாக்ஸிதான், குளிர்ந்து சூடாகிக் கொஞ்ச நாளில் விரிசல் விட்டுவிடும். காற்று வெப்பத்தை அறிய ஸ்டீல் மந்தமும்கூட.

மாற்றும் முறை: சென்சார் வயர் பெரும்பாலும் ஃபோம் உள்ளே புதைந்து போர்டு வரை போகும். அதை இழுக்க முடியாது, இழுக்கவும் கூடாது. சின்ன கிரில் மூடியைக் கழற்றினால் உள்ளே கொஞ்சம் தளர்வு வயர் இருக்கும். மணியிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி வெட்டுங்கள். ரெண்டு வயரையும் ஒரே இடத்தில் வெட்டாமல் 2 சென்டிமீட்டர் முன்பின்னாக வெட்டினால் ஜாயின்ட்டுகள் ஒன்றோடொன்று முட்டாது. ஹீட் ஷ்ரிங்க் குழாயை முதலில் வயரில் நுழைத்துக்கொண்டு, முறுக்கி சால்டர் வைத்து, பிறகு சுருக்குங்கள். குழாய் உள்பக்கம் பசை தடவிய இரட்டைச் சுவர் ரகமாக இருக்க வேண்டும், சாதா ரகம் ஈரத்தைத் தடுக்காது. சுருக்க சூடான காற்று கன் மட்டும். லைட்டர் வேண்டாம். ஃபோம் எரியும், ஆர்600ஏ எரியும் வாயு. ஜாயின்ட்டுக்கு இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றினால் அடுத்த மழைக்கு நீங்களே திரும்ப இங்கே வருவீர்கள்.

என்டிசிக்கு பிளஸ் மைனஸ் கிடையாது, எப்படி வேண்டுமானாலும் இணைக்கலாம். வயர் ஒரு மீட்டர் நீண்டாலும் கவலையில்லை, செம்பு வயர் சேர்க்கிற ஓம் ஒன்றுகூட வராது.

வயர் நுழையும் ஓட்டையை சிலிக்கோனால் அடைக்கும்போது நியூட்ரல் ரகம் என்று கேட்டு வாங்குங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கோன் செம்பை அரிக்கும், அந்த வாடை மூடிய பெட்டிக்குள் கார்க் வரைக்கும் போகும்.

கடைசியாக, சுவரில் டிரில் மட்டும் போடாதீர்கள். உள் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் கேஸ் குழாய் எங்கே ஓடுகிறது என்று வெளியே தெரியாது.

---

மாரிட்ஸ்பர்க்_ஷிராஸ்:

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என்னுடையது 12 பாட்டில், பெல்டியர் வகை (கரண்ட் ஓடினால் ஒரு பக்கம் குளிரும் தகடு), கம்ப்ரஸர் இல்லை. 12-ல் வைத்தாலும் மத்தியானத்தில் 17-க்குக் கீழே இறங்குவதில்லை. டம்ளர் தெர்மாமீட்டரும் 17 தான். இதுவும் சென்சாரா?

---

ஓம்விதி:

இல்லை. டிஸ்ப்ளேயும் தெர்மாமீட்டரும் ஒன்று சொன்னால் சென்சார் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, குளிர்விப்பதில்தான் குறை. சின்ன பெல்டியர் பெட்டிகள் வெளி வெப்பத்திலிருந்து ஏறக்குறைய 12 முதல் 15 டிகிரி வரைதான் இறக்கும். மாரிட்ஸ்பர்க் பள்ளத்தில் மத்தியானம் 32 என்றால் 17 வருவதே பெரிது. பின்னால் உள்ள ஹீட் சிங்க் இடுக்கில் தூசி, வெளி ஃபேன் சுற்றுகிறதா, சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி இருக்கிறதா, இவ்வளவுதான் பார்க்க வேண்டியது. ஃபேன் முக்கிக்கொண்டு சுற்றினால் அதே அளவு, அதே வோல்ட் ஃபேனாகப் பார்த்து மாற்றுங்கள்.

கம்ப்ரஸர் வகைக்கும் இதே மாதிரி எல்லை உண்டு. ஸ்டிக்கரில் கிளைமேட் கிளாஸ் பாருங்கள். 'என்' (N) என்றால் 16 முதல் 32 டிகிரி அறைக்கு, 'எஸ்டி' (ST) என்றால் 38 வரை, 'டி' (T) என்றால் 43 வரை. 'என்' (N) வகையைத் தகரக் கூரை காரேஜில் வைத்துவிட்டு ஜனவரியில் சென்சாரைத் திட்டிப் பயனில்லை.

---

சாட்ஸ்வொர்த்வாசி:

நன்றி அண்ணா, ரெண்டு பேருக்கும். சொன்னபடி பார்த்துவிட்டேன்.

மேல் ஸோன் வயரில் 22 கிலோ ஓம்: டிஸ்ப்ளே 5-ல் நின்றது. 10 கிலோ ஓம்: 25. ரெண்டிலும் அசையவில்லை.

மெக்கானிக் போட்ட சென்சார் ஐஸில் 32.5 கிலோ ஓம்.

கீழ் சென்சார் பையோடு 20.3. பையை எடுத்து முக்கியதும் 18, 17 என்று இறங்கிக்கொண்டே போனது. வெளியே எடுத்து மணியை அழுத்தினால் வயர் நுழையும் இடத்தில் துளி ஈரம் கசிகிறது.

அப்படியானால் ரெண்டுக்கும் 10 கே, 3435 வாங்கினால் போதுமா? கீழ் ஸோனுக்கும் இதே வகைதான் என்று எப்படி உறுதி செய்வது? பழையது கெட்டுவிட்டதால் அதை அளந்து பயனில்லையே. இன்னொரு சந்தேகம்: போர்டில் மூன்றாவதாக ஒரு சென்சார் கனெக்டரும் இருக்கிறது.

---

ஓம்விதி:

கீழ் வயரிலும் அதே 22 கிலோ ஓமை மாட்டிப் பாருங்கள். 5 காட்டினால் அதுவும் 3435. கீழ் ஸோனில் 5 என்பது எல்லைக்கு வெளியே என்று போர்டு எரர் அடித்தால் 15 கிலோ ஓம் போடுங்கள்: 14, 15 பக்கம் நின்றால் 3435, 16 என்றால் 3950. டிஸ்ப்ளே முழு எண்ணில்தான் காட்டும் என்பதால் 15-ல் இந்த ஒரு டிகிரி வித்தியாசம் மயக்கும், முடிந்தவரை 22-லேயே முடிவு செய்யுங்கள்.

வாங்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: 25 டிகிரியில் 10 கிலோ ஓம், பீட்டா 3435, டாலரன்ஸ் 1 சதவீதம். என்டிசியில் ஒரு டிகிரிக்கு ஓம் நாலு சதவீதத்துக்கு மேல் மாறும். அதனால் 1 சதவீதப் பிழை கால் டிகிரிக்குள் அடங்கும், 5 சதவீத ரகம் ஒரு டிகிரிக்கு மேல் தப்பும். பாக்கெட்டில் எழுதியிருப்பதை நம்பாமல், ஒட்டுவதற்கு முன்பே ஐஸில் போட்டு 27 பக்கம் வருகிறதா என்று பாருங்கள். ஒட்டிய பிறகு தெரிந்தால் திரும்ப வெட்ட வேண்டும், கிரில்லுக்குப் பின்னால் உள்ள வயர் ஒவ்வொரு வெட்டுக்கும் குறைந்துகொண்டே போகும்.

மூன்றாவது கனெக்டர் எவாப்பரேட்டர் (பின்னால் உள்ள குளிர்விக்கும் பகுதி) சென்சாராக இருக்க வேண்டும். பனி உருகிவிட்டதா என்று போர்டுக்குச் சொல்வது அது. அது தப்பினால் டிஃப்ராஸ்ட் சரியாக நடக்காது, பின்னால் ஐஸ் கட்டி ஃபேனை அடைக்கும், மேலே குளிர் வராது. டிஸ்ப்ளே அப்போதும் உண்மையைத்தான் காட்டும், பழி மட்டும் ஸோன் சென்சார் மேல் விழும். உங்களுக்கு அந்த அறிகுறி இல்லை. கீழ் ஸோன் இவ்வளவு நாள் விடாமல் ஓடியிருப்பதால், எதற்கும் சென்சார் மாற்றும் முன் கதவைத் திறந்து வைத்து ஒரு முழு நாள் அணைத்துப் போடுங்கள். பின்னால் ஒளிந்திருக்கும் ஐஸ் உருகிவிடும். அடியில் துணி போட மறக்க வேண்டாம்.

---

ஃபீனிக்ஸ்_கூலிங்:

கனெக்டர் பக்கமும் கழற்றி மாட்டும்போதே ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். முள்ளில் பச்சை இருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து நாலைந்து தடவை செருகி எடுங்கள். அங்கே 500 ஓம் கூடினாலே முக்கால் டிகிரி குளிராகக் காட்டும். சாதா கிரீஸ் எதுவும் தடவ வேண்டாம்.

சென்சார் மணி கிரில் மூடியில் ஒட்டாமல், சுவரிலும் படாமல், காற்றுப் பாதையில் தொங்க வேண்டும். பழைய கிளிப் உடைந்துவிட்டது என்று ஃபோம் பக்கம் தள்ளி வைத்தால் சுவரின் குளிரைத்தான் படிக்கும். மூடிக்கு எதிரே பாட்டில் கழுத்து முட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது.

லோட் ஷெடிங் சமயத்தில் இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் ப்யூர் சைன் மட்டும். மாடிஃபைட் சைன் இன்வெர்ட்டரில் கம்ப்ரஸர் சூடாகும். சில போர்டில் சென்சார் எண்ணும் ஒன்று ரெண்டு டிகிரி நடுங்கும், அதைப் பார்த்து நல்ல சென்சாரைக் கழற்றிவிடாதீர்கள். கரண்ட் வந்ததும் மூன்று முதல் அஞ்சு நிமிஷம் தாமதித்து இணைக்கும் ஃப்ரிட்ஜ் கார்டு பிளக் ஒன்று போட்டுவிடுங்கள். எர்த் லீக்கேஜ் ஸ்விட்ச் (மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்துவது) விழுந்தால் அது சென்சார் சமாசாரமே இல்லை, டிஃப்ராஸ்ட் ஹீட்டர் இருந்தால் அதையும் கம்ப்ரஸரையும் பார்க்க ஆளைக் கூப்பிடுங்கள்.

---

சாட்ஸ்வொர்த்வாசி:

கீழ் வயரில் 22 கிலோ ஓமுக்கு 5 தான், எரர் வரவில்லை. ரெண்டு சென்சாரும் 3435-ஆகவே வாங்கிவிடுகிறேன். மாட்டிய பிறகு டிஸ்ப்ளே உடனே சரியாகக் காட்ட வேண்டுமா?

---

ஓம்விதி:

காட்டாது, அவசரப்படாதீர்கள். சென்சார் படிப்பது காற்றை. கம்ப்ரஸர் ஓடும்போதும் நிற்கும்போதும் காற்று 2 முதல் 4 டிகிரி ஏறி இறங்கும், பாட்டில் அதை உணரவே உணராது. ஒவ்வொரு ஸோனிலும் நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர், அதில் தெர்மாமீட்டர், அலமாரி முக்கால் வாசியாவது நிரம்பியிருக்க வேண்டும், 24 மணி நேரம் கதவைத் திறக்கக் கூடாது. அதற்குப் பிறகு டம்ளருக்கும் செட் பண்ணிய எண்ணுக்கும் ஒரு டிகிரிக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். தெர்மாமீட்டரையும் முதலில் அதே ஐஸ் ஃப்ளாஸ்க்கில் போட்டு 0 காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், மலிவு டிஜிட்டல் தெர்மாமீட்டரில் ஒரு டிகிரி தப்பு சாதாரணம்.

அந்த 3950 சென்சாரைத் தூக்கிப் போடாமல், பாக்கெட்டில் "3950" என்று பேனாவால் எழுதி வையுங்கள். வேறு போர்டுக்கு உதவும். ஈரம் குடித்ததைக் குப்பையில் போட்டுவிடுங்கள். வெயிலில் காய வைத்தால் ஒரு வாரத்துக்கு நல்லபடி காட்டும், யாராவது அதை நல்லதென்று எடுத்து மாட்டிவிடுவார்கள்.